குடல்வாழ் நுண்ணுயிர்களும் வலிப்பு நோயும்

வலிப்பு நோய்ப் புறநோயாளர் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர் அண்மைக் காலமாக எங்களிடம் ஒரு கேள்வியைக் கேட்கின்றனர். “குடலில் உள்ள நல்ல கிருமிகளைப் பெருக்கினால் வலிப்பு நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?” கைப்பேசியில் வந்த ஒரு காணொளியையோ, உறவினர் ஒருவர் வாங்கித் தந்த மருந்துப் புட்டியையோ காட்டிச் சிலர் கேட்பதுண்டு.

இக்கேள்வியின் முதற்பகுதியில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. இரண்டாம் பகுதியில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடவும் முடியாது. இவ்விரண்டையும் பிரித்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வலிப்பு எங்கே பிறக்கிறது?

மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின் துடிப்புகளின் வாயிலாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அணுக்களில் ஒரு கூட்டம் கட்டுக்கடங்காமல் ஒரே நேரத்தில் துடிக்கும்போது வலிப்பு ஏற்படுகிறது. கைகால்கள் வெட்டி இழுப்பது அதன் ஒரு வடிவம் மட்டுமே. சில நொடிகள் வெறித்துப் பார்த்தபடி நின்றுவிடுவதும், காரணமின்றிச் சப்புக்கொட்டுவதும், ஒரு கை மட்டும் துடிப்பதும் வலிப்பாக இருக்கலாம்.

மூளையில் இத்துடிப்பைத் தூண்டும் வேதிப்பொருள்களும் உண்டு, அடக்கும் வேதிப்பொருள்களும் உண்டு. தூண்டுவனவற்றில் முதன்மையானது குளூட்டமேட். அடக்குவனவற்றில் முதன்மையானது காபா. ஒன்றை வண்டியின் முடுக்கி என்றும் மற்றொன்றைத் தடை என்றும் கொண்டால், வலிப்பு மருந்துகள் பலவும் முடுக்கியைத் தளர்த்தியோ தடையை அழுத்தியோ வேலை செய்வனவே.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர். முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களுள் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. எஞ்சியோருக்கு இரண்டு மூன்று மருந்துகள் கொடுத்தும் வலிப்பு அடங்குவதில்லை. குடல் பற்றிய ஆராய்ச்சி இவர்களுக்காகவே பெரிதும் நடைபெறுகிறது.

நூறாண்டுக்கு முன் ஒரு பிழையான கருத்து

உண்ணாநோன்பு இருந்தால் வலிப்பு குறைகிறது என்பதைப் பண்டைக்கால மருத்துவர்கள் அறிந்திருந்தனர். 1920-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹியூ காங்க்ளின் என்ற மருத்துவர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். குடலின் சுவரில் சுரக்கும் ஒரு நச்சுப்பொருளே வலிப்புக்குக் காரணம் என்றும், குடலுக்கு நீண்ட ஓய்வு கொடுத்தால் அந்நச்சு நீங்கிவிடும் என்றும் அவர் நம்பினார். நோயாளிகளை மூன்று வாரம் வரைகூடப் பட்டினி இருக்கச் செய்தார். சிலருக்கு வலிப்பு நின்றது. அவருடைய விளக்கம் மட்டும் சரியாக இருக்கவில்லை. அப்படியொரு நச்சு கண்டறியப்படவே இல்லை.

எவரும் காலமெல்லாம் பட்டினி கிடக்க இயலாது. 1921-இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரசல் வைல்டர் ஒரு மாற்றுவழியைச் சொன்னார். அரிசி, கோதுமை, சர்க்கரை போன்ற மாவுச்சத்துகளைப் பெரிதும் குறைத்துக் கொழுப்பை மிகுதியாகக் கொடுத்தால், உணவு உண்டுகொண்டிருக்கும்போதே உடல் பட்டினி நிலையை ஒத்த நிலைக்குச் செல்லும். அந்நிலையில் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்னும் பொருள்களை உருவாக்கும். மூளை குளூக்கோசுக்குப் பதிலாக அவற்றை எரிபொருளாகக் கொள்ளும். இதுவே கீட்டோஜெனிக் உணவுமுறை. 1938-இல் ஃபெனிட்டாயின் மருந்து வந்தபின் இவ்வுணவுமுறை பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1990-களில் மீண்டும் கவனம் பெற்று, இன்று மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு ஏற்கப்பட்ட சிகிச்சையாக உலகெங்கும் பின்பற்றப்படுகிறது.

இவ்வுணவு வலிப்பை எவ்வாறு அடக்குகிறது? கீட்டோன்களின் அளவைக் கொண்டு மட்டும் இதை முழுமையாக விளக்க முடியவில்லை. இரத்தத்தில் கீட்டோன் ஒரே அளவில் உள்ள இரு குழந்தைகளுள் ஒன்றுக்கு வலிப்பு நிற்பதும் மற்றொன்றுக்கு நிற்காமற்போவதும் உண்டு. வேறு ஏதோ ஒன்று இடையில் செயல்படுகிறது என்ற ஐயமே ஆய்வாளரை மீண்டும் குடலின் பக்கம் திருப்பியது.

குடலிலிருந்து மூளைக்கு மூன்று வழிகள்

நம் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்பது ஒரு மதிப்பீடு. நம் சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கைக்கு அது கிட்டத்தட்ட இணையானது. அவற்றுள் மிகப் பெரும்பான்மை பெருங்குடலில் உள்ளன. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை நொதிக்கச் செய்கின்றன; சில உயிர்ச்சத்துகளை ஆக்கித் தருகின்றன; தீய கிருமிகளுக்கு இடம் கொடாமல் காக்கின்றன. நாம் பிறக்கும் முறை, அருந்திய பால், உண்ணும் உணவு, உட்கொண்ட மருந்துகள் ஆகியவற்றைப் பொறுத்து இக்கூட்டம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

இவை மூளையோடு தொடர்பு கொள்ளும் வழிகள் மூன்று.

முதலாவது நரம்பு வழி. வேகஸ் நரம்பு மூளைத்தண்டிலிருந்து புறப்பட்டு இதயம், நுரையீரல், குடல் வரை செல்கிறது. இதன் இழைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்வன. கழுத்துப் பகுதியில் இந்நரம்பைச் சிறு மின்கருவியால் தூண்டும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 1997-இலேயே ஒப்புதல் கிடைத்தது. மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு இன்றும் அது பயன்படுகிறது. அந்நரம்பின் வழியே செல்லும் செய்திகள் வலிப்பின் போக்கை மாற்ற வல்லவை என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாவது நோய் எதிர்ப்பு வழி. குடலின் சுவரை அடுத்து எதிர்ப்பு அணுக்கள் பெருமளவில் திரண்டுள்ளன. அங்கே தோன்றும் அழற்சியின் வேதிச் செய்திகள் இரத்தத்தில் கலந்து மூளையை அடையக்கூடும். மூளையில் அழற்சி மிகும்போது வலிப்பு எளிதில் தூண்டப்படுகிறது.

மூன்றாவது வேதி வழி. நார்ச்சத்தை நொதிக்கச் செய்யும்போது நுண்ணுயிர்கள் அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. மூளையின் இரத்தக் குழாய்களுக்கு ஒரு காப்பு அரண் உண்டு. தேவையற்ற பொருள்கள் மூளைக்குள் நுழையாதவாறு அது தடுக்கிறது. நுண்ணுயிரே இன்றி வளர்க்கப்பட்ட எலிகளில் இவ்வரண் தளர்ந்திருப்பதையும், பியூட்டிரேட் போன்றவற்றை ஆக்கும் நுண்ணுயிர்களைக் கொடுத்தபின் அது வலுப்பெறுவதையும் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினர்.

எலிகள் காட்டிய உண்மை

2018-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலைன் சியாவோ என்ற அறிவியலாளரின் குழு ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டது. வலிப்பு தூண்டப்படும் எலிகளுக்குக் கீட்டோஜெனிக் உணவு கொடுக்கப்பட்டது. அவற்றின் குடல்வாழ் நுண்ணுயிர்க் கூட்டம் சில நாள்களிலேயே மாறியது. வலிப்பைத் தாங்கும் ஆற்றல் கூடியது. அடுத்து, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் குடல் வெறுமையாக்கப்பட்ட எலிகளுக்கும், பிறப்பிலிருந்தே நுண்ணுயிர் இல்லாத எலிகளுக்கும் அதே உணவு கொடுக்கப்பட்டது. அவற்றை அவ்வுணவு காக்கவில்லை.

இவ்வுணவினால் பெருகும் நுண்ணுயிர்களுள் இரண்டு வகைகளை அக்குழு இனங்கண்டது. ஒன்று அக்கர்மேன்சியா, மற்றொன்று பாராபாக்டீராய்டீஸ். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, வழக்கமான உணவு உண்ட எலிகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. அவ்வெலிகளின் மூளையில் நினைவுக்கும் வலிப்புக்கும் தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதியில், குளூட்டமேட்டோடு ஒப்பிடுகையில் காபாவின் அளவு உயர்ந்திருந்தது. வண்டியின் தடை வலுப்பெற்றது எனலாம்.

அதே குழு 2023-இல் மற்றொரு படி முன்னேறியது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள சில குழந்தைகளிடமிருந்து, கீட்டோஜெனிக் உணவைத் தொடங்குமுன் ஒரு முறையும், ஒரு மாதம் கழித்து ஒரு முறையும் மல மாதிரிகள் பெறப்பட்டன. அவற்றிலுள்ள நுண்ணுயிர்கள் எலிகளுக்கு மாற்றப்பட்டன. உணவுக்குப் பிந்தைய நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகள் வலிப்பைக் கூடுதலாகத் தாங்கின.

இதன் மறுபக்கமும் ஆராயப்பட்டுள்ளது. நீடித்த மன அழுத்தத்துக்கு உள்ளாக்கப்பட்ட எலிகளின் குடல்வாழ் நுண்ணுயிர்களை இயல்பான எலிகளுக்கு மாற்றியபோது, அவற்றில் வலிப்பு எளிதில் தூண்டப்பட்டது. குடலுக்கும் வலிப்புக்கும் உள்ள தொடர்பு வெறும் ஊகமில்லை என்று நாங்கள் கூறுவது இத்தகைய ஆய்வுகளின் அடிப்படையில்தான்.

மனிதரில் எதுவரை தெரியும்?

இங்கே நாம் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சீனாவில் குரோன் என்னும் குடல் அழற்சி நோயும், பல ஆண்டுகளாக வலிப்பும் இருந்த 22 வயதுப் பெண் ஒருவருக்கு, நலமானவரின் குடல்வாழ் நுண்ணுயிர்களை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை அளிக்கப்பட்டது. வலிப்பு மருந்தை நிறுத்திய பின்னும் 20 மாதம் அவருக்கு வலிப்பு வரவில்லை என 2017-இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். மனத்துக்கு நம்பிக்கை தரும் செய்தியே. ஆயினும் அது ஒரே ஒருவரின் வரலாறு. குடல் அழற்சி தணிந்ததாலா, நுண்ணுயிர் மாறியதாலா, வேறு காரணத்தாலா என்பதை ஒருவரைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

ஸ்பெயினில் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 45 பேருக்கு, நன்மை தரும் நுண்ணுயிர்கள் அடங்கிய மருந்து நான்கு மாதம் கொடுக்கப்பட்டது. அவர்களுள் 28.9 விழுக்காட்டினருக்கு வலிப்பின் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் அம்மருந்து கொடுக்கப்படாத ஒப்பீட்டுக் குழு அந்த ஆய்வில் இல்லை. வலிப்பு நோய் தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது; புதிய மருந்து ஒன்றை உண்கிறோம் என்ற நம்பிக்கையினாலேயே சிலருக்குக் குறைவதும் உண்டு. ஆகவே இம்முடிவை முதல் தடயமாகக் கொள்ளலாமே தவிர உறுதியான சான்றாகக் கொள்ள முடியாது.

வலிப்புள்ளோரின் குடல்வாழ் நுண்ணுயிர்கள் மற்றவர்களுடையவற்றிலிருந்து வேறுபடுகின்றன எனப் பல ஆய்வுகள் கூறுகின்றன. எந்த வகை கூடியது, எது குறைந்தது என்பதில் அவை ஒத்துப்போகவில்லை. எலிகளில் நன்மை செய்த நுண்ணுயிர், கீட்டோஜெனிக் உணவு உண்ட குழந்தைகள் எல்லோரிடமும் பெருகவும் இல்லை. மேலும், வலிப்பு மருந்துகளே குடல்வாழ் நுண்ணுயிர்களை மாற்றக்கூடும். நோயினால் மாறும் உணவுப் பழக்கமும் மாற்றக்கூடும். எது காரணம், எது விளைவு என்பது இன்னும் பிரித்தறியப்பட வேண்டிய ஒன்று.

உணவுச் சிகிச்சை: பலனும் எச்சரிக்கையும்

நுண்ணுயிர்களின் பங்கு எவ்வளவாயினும், உணவுச் சிகிச்சையின் பலன் முறையான ஆய்வுகளில் நிறுவப்பட்டுள்ளது. லண்டனில் 145 குழந்தைகளிடம் நடத்தி 2008-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மூன்று மாதத்துக்குப்பின், கீட்டோஜெனிக் உணவு உண்ட குழுவில் 38 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 6 விழுக்காட்டினருக்கே குறைந்தது. புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் 102 குழந்தைகளுக்கு, சற்றுத் தளர்த்தப்பட்ட அட்கின்ஸ் உணவுமுறையைக் கொண்டு நடந்த ஆய்வும் 2013-இல் இதையொத்த பலனைக் காட்டியது. நம் நாட்டு உணவைக் கொண்டும் இச்சிகிச்சை இயலும் என்பதை அது உணர்த்தியது.

எனினும் இதை ஒரு மருந்தாகவே கருத வேண்டும். மலச்சிக்கல், சிறுநீரகக் கல், இரத்தத்தில் கொழுப்பு மிகுதல், வளர்ச்சி குன்றுதல் ஆகியவை இதன் பக்கவிளைவுகள். கொழுப்பை எரிக்கும் திறனில் பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இவ்வுணவு உயிராபத்தை விளைவிக்கும். எனவே தொடங்குமுன் இரத்தப் பரிசோதனைகள் தேவை. ஒவ்வொரு வேளை உணவும் எடையிட்டுக் கணக்கிடப்படும். உடல் எடையைக் குறைக்க எழுதப்பட்ட ‘கீட்டோ’ பட்டியலைப் பார்த்து வீட்டிலேயே தொடங்கிவிடாதீர்கள். மருந்துச் சாற்றிலுள்ள சர்க்கரையும் இவ்வுணவின் பலனைக் குலைக்கும் என்பதால், இருமல் மருந்து வாங்குவதற்கு முன்னும் எங்களைக் கேளுங்கள்.

இன்றே பயன்படும் செய்திகள்

வருங்காலத்தில் நுண்ணுயிர்களே மருந்தாகலாம். ஆனால் இன்றே உங்கள் வீட்டில் குடலும் வலிப்பும் சந்திக்கும் இடங்கள் சில உண்டு. அவற்றில் கவனமாக இருந்தால் தவிர்க்கக்கூடிய வலிப்புகளைத் தவிர்க்கலாம்.

மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். எங்களை மிகவும் அஞ்ச வைப்பது இதுவே. வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால், இடைவிடாத தொடர் வலிப்பு ஏற்பட்டு உயிர் போகும் அபாயம் உண்டு. மாதக்கணக்கில் வலிப்பு வராமல் இருப்பது பெரும்பாலும் மருந்தின் பயனாகவே இருக்கும். குறைக்க வேண்டுமாயின் மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். எந்த வலிப்பும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் தாமதியாமல் 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் எங்களை அழையுங்கள். மாத்திரை விழுங்கிய சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தால் மருந்து உடலில் சேர்ந்திருக்காது. கடும் வயிற்றுப்போக்கிலும் மருந்து முழுமையாக உறிஞ்சப்படாமல் போகலாம். மாத்திரை விழுங்கிய நேரத்தையும் வாந்தி எடுத்த நேரத்தையும் குறித்துக்கொண்டு தொலைபேசியில் கேளுங்கள். மறுபடி கொடுக்க வேண்டுமா என்பதை நாங்கள் சொல்வோம். உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து நீரிழப்பைத் தடுங்கள். கீட்டோஜெனிக் உணவில் உள்ள குழந்தைக்கு மட்டும் எந்தக் கரைசல் கொடுப்பது என்பதைக் கேட்டறியுங்கள்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். அவை குடலின் நல்ல நுண்ணுயிர்களையும் அழிக்கின்றன என்பது ஒருபுறம் இருக்க, சில வகைகள் வலிப்பு மருந்தோடு நேரடியாக மோதுகின்றன. எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் கார்பமசெபைனின் அளவை இரத்தத்தில் உயர்த்தி, தலைச்சுற்றலும் தள்ளாட்டமும் உண்டாக்கும். மருத்துவமனைகளில் ஊசியாகப் போடப்படும் மெரோபெனம் போன்றவை வால்புரோயேட்டின் அளவை வெகுவாகக் குறைத்துவிடும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் சிலருக்கு வலிப்பையே தூண்டக்கூடும். எந்த மருத்துவரிடம் சென்றாலும் வலிப்பு மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். அதே வேளை, மருத்துவர் அறிந்து எழுதிக்கொடுத்த நுண்ணுயிர்க்கொல்லியை அச்சத்தால் பாதியில் விட்டுவிடவும் வேண்டாம்.

அடிக்கடி எழும் மூன்று கேள்விகள்

தயிரும் மோரும் வலிப்பைக் குறைக்குமா?
அவை நல்ல உணவுகள், தாராளமாக உண்ணலாம். ஆனால் வலிப்பைக் குறைப்பதாக நிறுவப்படவில்லை. இட்லி மாவிலும் நன்மை தரும் நுண்ணுயிர்கள் உண்டு. இட்லியாக வேகும்போது அவை பெரும்பாலும் மடிந்துவிடும். கீரை, பயறு, காய், கனி ஆகியவை குடலுக்கு நல்லவை. சிறப்பு உணவுமுறையில் இல்லாதவர்கள் இவற்றை அன்றாடம் சேர்த்துக்கொள்ளலாம்.

நன்மை தரும் நுண்ணுயிர் மாத்திரைகளை வாங்கலாமா?
பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை. பணச் செலவு உண்டு. மிகவும் நலிந்த குழந்தைகளுக்கும், எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்கும் அரிதாக இவையே தொற்றை ஏற்படுத்தக்கூடும். விரும்பினால் எங்களிடம் சொல்லிவிட்டு உண்ணுங்கள். வலிப்பு மருந்துக்குப் பதிலாக ஒருபோதும் உண்ணாதீர்கள். மல நுண்ணுயிர் மாற்றுச் சிகிச்சை வலிப்புக்கு ஆய்வு நிலையிலேயே உள்ளது. வீட்டில் முயல்வது கொடிய தொற்றுகளுக்கு வழிவகுக்கும்.

குடற்புழுவால் வலிப்பு வருமா?
நாடாப்புழு ஒன்றினால் வரும்; அது நாம் இதுவரை பேசியதிலிருந்து வேறானது. பன்றி நாடாப்புழுவின் முட்டைகள், கழுவாத கையின் வழியாகவோ காய்கறியின் வழியாகவோ வயிற்றுக்குள் சென்றால், அவற்றின் இளம்புழுக்கள் மூளையில் தங்கி வலிப்பை உண்டாக்கும். இறைச்சியே உண்ணாதவருக்கும் இது வரலாம். கழிப்பறைக்குச் சென்றபின் சோப்பினால் கை கழுவுவதும், பச்சைக் காய்கறிகளை நன்கு அலசுவதும் இதைத் தடுக்கும். வலிப்பைத் தடுக்கக் குடலின் வழியே நாம் இன்று உறுதியாகச் செய்யக்கூடியது இதுதான்.

அடுத்த முறை வரும்போது

வலிப்பு வந்த நாள், நேரம், நீடித்த அளவு ஆகியவற்றோடு, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், காய்ச்சல், புதிதாக உண்ட மருந்துகள், தவறிய மாத்திரைகள் ஆகியவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மருந்து பலன் தரவில்லையா, மருந்து உடலில் சேரவே இல்லையா என்பதைப் பிரித்தறிய அக்குறிப்பேடு எங்களுக்கு உதவும். இரண்டு மருந்துகளுக்குப் பின்னும் வலிப்பு தொடருமாயின், உணவுச் சிகிச்சையோ அறுவைச் சிகிச்சையோ உங்களுக்குப் பொருந்துமா எனக் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

காணொளியில் கண்ட செய்தியையும், உறவினர் தந்த புட்டியையும் தயங்காமல் எடுத்து வாருங்கள். அவற்றைக் காட்டினால் நாங்கள் கோபிக்க மாட்டோம். எங்களிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவீர்களோ என்பதுதான் எங்கள் கவலை.